பதினோராம் கேள்வி

வாசல் விளக்கின் பல்பை மாமனார் கழற்றியதோடு அந்த வீட்டில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று சென்ற வாரம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள் மன்னிக்க வேண்டும். ஓய்ந்தது சத்தம் மட்டும்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்க்கிறவர்கள் தினமும் காலையில் நெஞ்சில் கை வைத்து நாட்டுக்கு உறுதிமொழி சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு வேலையும் கிடையாது, குடியுரிமையும் கிடையாது. இப்படி ஒரு சட்டம் வரலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. சட்டம் வருமுன்னே பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி சொல்ல ஆரம்பித்தாயிற்று. வரலாம் என்கிறவர்கள் பட்டப்பகலிலும் வாசல் விளக்கை எரியவிட்டார்கள். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி மூக்கால் அழுகிற எதிர்வீட்டுக்காரர்கூட இரண்டு விளக்கு போட்டிருந்தார்.

இந்த வீட்டில், லிஃப்ட் மெக்கானிக்கான சின்னவன் காலையில் விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். வரலாற்று வாத்தியாரான அவன் அண்ணன் பின்னாலேயே வந்து அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் ஒழுங்காக வருவதில்லையா என்று தெருவில் கேலி பேசினார்கள். போன வாரத்திலிருந்து அந்தக் கேலியும் நின்றுபோனது. கேலி பேசியபோதே தேவலை என்று இருந்தது மூத்த மருமகளுக்கு.

ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார் கடைசியில் தீர்ப்பு சொன்னார். பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார். டிவி ரிமோட்டின் பேட்டரி இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாக்கெடுப்பு முடிகிறவரை நாட்டைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். மகன்கள் இருவரும் அடங்கிவிட்டார்கள்.

அவர் மட்டும் யாரிடம் பேசுவார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல மூத்த மருமகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கருத்துக்கணிப்பு கம்பெனியில் வேலை. ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மருமகள் இவள்தான் என்று வாத்தியார் கிண்டல் செய்வார். பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் ஊருக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்பார்கள். அதில் கலந்துகட்டி எடுத்த சில பேச்சுகள் இவளிடம் வரும். கேள்வியை எழுதியபடியே கேட்டார்களா, பதிலை வாயில் திணித்தார்களா என்று கேட்டுப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். எண்ணும் வராது, பேரும் வராது. வெறும் குரல்தான் வரும். கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேள்வி கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே பாம்புக் காது.

அவள் மேசையில் ஒரு பொத்தான் இருந்தது. தெரிந்தவர் குரல் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அதை அழுத்த வேண்டும். அந்தப் பேச்சு வேறொரு சரிபார்ப்பவருக்குப் போய்விடும். தெரிந்த ஆளின் அந்தரங்கத்தைத் தெரிந்த காது கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒருமுறை அவளுடைய பல் டாக்டரின் குரல் வந்தது. மனிதர் தன் கடனைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் அழுத்திவிட்டாள். பிறகு அவர் முன்னால் நிம்மதியாக வாயைத் திறக்க முடிந்தது. அந்தப் பொத்தானில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

இந்த வாரம் கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பதினோராவது கேள்வி. வேலை கொடுத்த வாடிக்கையாளர் கேட்டுச் சேர்த்தது என்றார்கள். அந்த வாடிக்கையாளர் யார் என்று யாரும் சொல்லவில்லை.

‘இந்த நாட்டுக்கு உண்மையாக இல்லையோ என்று உங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றியாவது நீங்கள் கவலைப்பட்டதுண்டா?’

கவலை என்ற சொல்லைப் போட்டவன் பலே கெட்டிக்காரன் என்று அவளுக்கு முதல் நாளே தோன்றியது. காட்டிக்கொடுப்பீர்களா என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். கவலைப்படுகிறீர்களா என்று கேட்டால் எந்த வீட்டில் இல்லை என்பார்கள்?

பதினோரு மணி வாக்கில் குயிலின் பேச்சு ஒன்று வந்தது. குயில் என்பது அந்தக் கூடத்திலேயே இனிமையாகப் பேசுகிற பெண். மறுமுனையில் ஒரு முதியவர். ஆரம்பக் கேள்விகளை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் கேட்பது அவள் வழக்கம். குயில் பதினோராவது கேள்வியை ஒரு எழுத்து பிசகாமல் படித்தாள். முதியவர் எதையோ கையில் உருட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக்.

இரண்டு பேட்டரிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் அது.

“இருக்கான்மா,” என்றது மாமனாரின் குரல். “என் மூத்தவன். ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கான். தங்கமான பிள்ளைம்மா. காலையில உறுதிமொழி சொல்றப்ப இவன் மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலைம்மா. நாங்க சொன்னா கேக்க மாட்டான். உங்கள மாதிரி படிச்சவங்க யாராவது பக்குவமா எடுத்துச் சொன்னீங்கன்னா...”

அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.

யோசித்து அழுத்தவில்லை. தெரிந்த குரல், நிறுத்து, அழுத்து. அவ்வளவுதான் அவள் கைக்குத் தெரியும். அழுத்திய பிறகுதான் அழுத்தியது புரிந்தது. அடுத்த மேசைக்காரிக்கு இப்போது இது போயிருக்கும். அவள் நல்லவள், ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அடுத்த மேசைக்காரி எதிரே எதுவும் வராமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளரின் அறைக்கு அவள் ஏறக்குறைய ஓடினாள். தடித்த கண்ணாடி போட்டவர். கண்ணாடிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழைய ஆள், சிடுசிடுக்கத் தெரியாதவர். தவறுதலாகக் கை பட்டுவிட்டது, அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இந்த வேலைக்கு மட்டும் ஏற்பாடு வேறு என்றார். தெரிந்த குரல் என்று அழுத்தினால் பேச்சு நேராக வாடிக்கையாளருக்கே போய்விடுமாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் கேட்டார்களாம்.

“பேச்சு மட்டும்தானே போகும்?” என்றாள்.

“அழுத்தினது யாருங்கறதும் போகும்.”

மாமனாரின் எண்ணை எந்தக் கொம்பனாலும் கேட்டு வாங்க முடியாதபடி இந்தக் கம்பெனி பூட்டிவைத்திருந்தது. ஊர் முழுக்க எத்தனையோ கிழவர்கள் எத்தனையோ மகன்களைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள். அதில் ஒரு குரலாக அதுவும் காற்றோடு போயிருக்கும். இது எனக்குத் தெரிந்த ஆள் என்று முதுகில் சீட்டு ஒட்டி அனுப்பியது அவள் கை. வேலையில் சேர்ந்தபோது அவசரத்துக்கு என்று அவள் கொடுத்திருந்ததும் அதே வீட்டுப் போன் எண்தான்.

கண்ணாடிக்காரர் சாவகாசமாகக் கேட்டார். “உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறதா சொன்னீங்க?”

“பேங்க்ல,” என்றாள்.

“அப்படியா?” அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். “சரிங்க. பேங்க்ன்னே நானும் வெச்சுக்கிறேன்.”

போன வருஷம் தன் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியாரின் சிபாரிசு கேட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போன மனிதர் அவர். அது தயவா, எச்சரிக்கையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தலைவலி என்று சொல்லி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோது ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தான். மூன்று வாரமாக அவள் முகம் கொடுத்துப் பேசாத ஆள். சட்டம் வர வேண்டும் என்று தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கிற கூட்டத்தில் முன்னால் நிற்கிறவன். வேறு வழியில்லை. கொழுந்தனைப் பார்க்கத்தான் வேண்டும்.

சின்னவன் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தான். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவைப் பிளந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே பள்ளத்தில் இடுப்பளவு இறங்கி நின்று, கையில் டார்ச்சோடு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டி அந்தரத்தில் நின்றது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “அப்பாவுக்கு ஏதாவதா?” என்று கேட்டுக்கொண்டே பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு மூன்று வாரக் கோபம் பாதி கரைந்தது.

அப்பா நன்றாக இருக்கிறார் என்றாள். பிறகு, வரும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தாள். உங்கள் அண்ணனை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்கேயாவது வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் சொன்னால் அவர் நகர மாட்டார். தம்பி கேட்டால் ஒருவேளை வருவார்.

சின்னவன் கைகளை அழுக்குத் துணியில் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவன் குரல் இறங்கியது.

“யாரு என்ன சொன்னாங்க அண்ணி?”

“யாரோ அவரைப் பத்திச் சொல்லியிருக்காங்க. மேல வரைக்கும் போயிருக்கு.”

“யாரோன்னா?”

வேலையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதைக்கூட அவள் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் அந்தப் பேட்டரி சத்தத்தையும், தூக்கம் வரவில்லை என்று சொன்ன குரலையும் எப்படி எடுத்து இவன் கையில் கொடுப்பது? இவன் முன்கோபி. இன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கிழவர் முன்னால் நின்று கத்துவான். அவர் தாங்க மாட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

“நான்தான் போட்டுக் குடுத்தேன்னு நினைக்கிறீங்களா?” என்றான் சின்னவன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பதுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாவம், அந்தப் பழி அவன் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் சிரித்தான். அழுகிற மாதிரியான சிரிப்பு. “எங்க அண்ணன நான் திட்டுவேன் அண்ணி. அடிச்சாலும் அடிப்பேன். வேற எவனும் அவர் மேல விரல் வைக்க விட்டுடுவேனா? என்னை அவ்வளவு கேவலமாவா நினைச்சீங்க?”

பிறகு அவனாகவே சொன்னான். ஒரு வாரமாகச் சாயங்காலத்தில் தலைமையிலிருந்து போன் வருகிறதாம். இன்றைக்கு இந்தத் தெரு, இந்த வீடு என்று சொல்வார்களாம். பத்துப் பதினைந்து பேர் பைக்கில் போய் வாசலில் நிற்பார்களாம். அன்பாகப் பேசிப் பார்ப்பது என்று அதற்குப் பெயர்.

“அடிதடியெல்லாம் கிடையாது. வாசல்ல நின்னு உறுதிமொழி சொல்லுவோம். உள்ள இருக்கிறவங்க வெளிய வந்து கூடச் சொல்லிட்டாங்கன்னா கைகுடுத்துட்டுக் கிளம்பிடுவோம்.”

“சொல்லலைன்னா?”

அவன் மேலே தொங்கிய லிஃப்ட் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். “இதுவரைக்கும் எல்லாரும் சொல்லியிருக்காங்க.”

இன்றைக்கு எந்தத் தெரு என்று கேட்டாள். இன்னும் போன் வரவில்லை என்றான். நம் தெரு என்று வந்தால் உடனே உங்களுக்குச் சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அதை அவள் நம்பினாள்.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் வாசல் விளக்குகள் எரிந்தன. வரிசையில் ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இவர்கள் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. யார் பக்கமும் சாயாமல் இருக்க மாமனார் கண்ட வழி இது. இப்போது தெருமுனையிலிருந்து பார்த்தாலே எந்த வீடு என்று கேட்காமல் வந்துவிடலாம்.

வாத்தியார் உள்ளறையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு ஒரு நாள் வாயை மட்டும் அசைச்சிடுங்களேன். சத்தம் வர வேண்டாம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் பேனாவை வைக்கவில்லை. “எதிர்ல பசங்க நிக்கிறாங்கம்மா. வாத்தியார் வாயசைக்கிறத அவங்கதான் முதல்ல கண்டுபிடிப்பாங்க.”

“வேலை போயிடும்.”

“போகும். இப்ப ஜனங்கள மிரட்டி வாங்கிட்டா, நாளைக்கு அவங்களா ஆசைப்பட்டுச் சொன்னாக்கூட அது பொய்யாத்தான் இருக்கும். எனக்கு இந்த நாடு பிடிக்கும். அத தினமும் நிரூபின்னு ஒருத்தன் சொன்னா எனக்குப் பிடிக்காது.” பிறகு தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “சின்னவன் ஏதாவது சொல்லி அனுப்பினானா?”

ஒரே நாளில் இரண்டாவது தடவையாகப் பேசாமல் இருந்து கொழுந்தனைக் குற்றவாளி ஆக்கினாள். வாத்தியார் தனக்குள் தலையாட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். அந்தத் தலையாட்டல் அவளைச் சுட்டது.

எழுந்து உடுப்பு மாற்றக்கூட இல்லை, கூடத்தில் போன் அடித்தது. சுவரோரமாக இருக்கிற பழைய போன். மாமனாரைத் தவிர அதை யாரும் எடுப்பதில்லை. அவரிடமும் அதில் யாரும் பேசுவதில்லை.

“ஆமாம்மா, நான்தான் பேசுறேன்.” அவர் முகம் மலர்ந்ததைக் கதவிடுக்கில் பார்த்தாள். “சேச்சே, தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல. கேளுங்கம்மா.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கை சட்டைப் பைக்குள் போயிற்று. டக், டக்.

ஒருமுறை கேள்வி கேட்ட வீட்டை அவள் கம்பெனி மறுபடி கூப்பிடுவதே கிடையாது.

“ஆமா, இப்பதான் வந்தான். உள்ள இருக்கான். நாளைக்குமா? ஸ்கூல் இருக்கே, போவான்... அடையாளமா? அடையாளம் ரொம்ப சுலபம்மா. தெருவிலேயே விளக்கு எரியாத வீடு எங்க வீடு ஒண்ணுதான்.”

அவள் நாலு எட்டில் கூடத்தைக் கடந்து, மாமா கொடுங்கள் என்று ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். காதில் வைத்துக் கேட்டாள். குயிலோ, கம்பெனிக் கூடத்தில் இருக்கிற வேறு எந்தப் பெண்ணோ பேசினால் பின்னணியில் நாற்பது குரல் இரைச்சலாக ஓடும். இந்தப் போனில் பின்னணியே இல்லை. கதவு சாத்திய அறையில் ஒரு பெண் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயா, இருக்கீங்களா?” என்றது அந்தக் குரல். பொறுமையான, வயதான குரல். அந்தப் பெண் சற்று நேரம் இவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு பாம்புக் காது இருந்திருக்க வேண்டும்.

“மருமகளா?” என்றாள். “பயப்படாதீங்கம்மா. தெரிஞ்ச குரல்னு நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நல்ல காரியம் செஞ்சீங்க.”

போன் வைக்கப்பட்டது. அவள் கையிலிருந்து ரிசீவர் இறங்கவில்லை.

வாத்தியார் பச்சை மைப் பேனாவோடு அறை வாசலில் வந்து நின்றார். “யாரு போன்ல?”

“நம்ம கருத்தக் கேக்கிறாங்கடா,” என்றார் மாமனார். அவர் குரலில் எத்தனையோ நாளாகக் காணாத உற்சாகம் இருந்தது. “நம்மளையும் ஒரு ஆளா மதிச்சு, ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க.”

அவளுடைய செல்போன் கைப்பைக்குள் சத்தமே இல்லாமல் கிடந்தது. சின்னவன் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தெருமுனையில் அவன் பைக் திரும்புகிற சத்தம் கேட்டது. சைலன்சரில் ஓட்டை விழுந்த அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்திலும் கண்டுபிடிப்பாள். இன்றைக்கு அது தனியாக வரவில்லை. அதன் பின்னால் வந்த மற்ற பைக்குகளின் சத்தத்தை அவள் காது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதியில் கைவிட்டது.